முடிக்காமல் அனுப்பிய துப்பாக்கி

பெட்டியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இருக்காது. துப்பாக்கி ஆகக்கூடிய சாமான்கள் இருக்கும். முரட்டுத்தனமாகக் கடைந்த ஒரு மரக்கட்டை, எட்டுப் பட்டை வைத்த எஃகுக் குழல், வார்ப்பின் சொரசொரப்பு இன்னும் போகாத பித்தளைத் துண்டுகள், சிறு பொட்டலத்தில் திருகாணிகள், நாலாக மடித்த ஒரு தாள். அமெரிக்காவில் ‘கென்டக்கி பிஸ்டல் கிட்’ என்ற பெயரில் வீட்டு வாசலுக்கு வரும் இந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள் பலருக்கு அரம் பிடித்த பழக்கம்கூட இருக்காது. செய்து முடித்த அதே பிஸ்டல் அதே கடையில் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். இருந்தும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தப் பெட்டிகளில் சில ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வருகின்றன, சில வட இத்தாலியிலிருந்து. நாம் இத்தாலிக்காரனைப் பின்தொடர்வோம்.

பிரெஷ்யா நகருக்கு வடக்கே மெல்லா ஆறு இறங்கி வரும் வால் ட்ரொம்பியா என்ற பள்ளத்தாக்கு. அதில் கார்தோனே என்ற சிற்றூர். மலையில் இரும்புத்தாது, சரிவில் கரி சுடக் காடு, கீழே சம்மட்டியையும் துருத்தியையும் இயக்க ஆற்றுத் தண்ணீர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் வாய்த்த ஊர் துப்பாக்கி செய்யாமல் வேறென்ன செய்யும்? 1526-இல் பார்த்தலோமியோ பெரெட்டா என்ற கொல்லர் வெனிஸ் குடியரசின் ஆயுதசாலைக்குச் சரக்கு அனுப்பி 296 டக்கட் பெற்றுக்கொண்டதற்கான ஆவணம் இன்னும் இருக்கிறது. அவர் பெயரிலேயே அந்த நிறுவனம் அதே ஊரில் நடக்கிறது. அந்த ஆவணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் விற்றது 185 துப்பாக்கிகளை அல்ல, 185 குழல்களை. கட்டையும் விசையும் வேறு கைகள் சேர்த்துக்கொண்டவை. உலகின் மிகப் பழைய துப்பாக்கி நிறுவனம் என்று சொல்லப்படுவதன் முதல் கணக்கே உதிரிபாகக் கணக்குதான்.

நம் குழலும் இந்த ஊரில்தான் துளை போடப்பட்டு, உள்ளே வரிப்பள்ளம் வெட்டப்பட்டது. ஆனால் அங்கிருந்து நேராகப் பெட்டிக்குள் போய்விட முடியாது. ஊரிலேயே சோதனைச்சாலை ஒன்று இருக்கிறது. வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்து அடைத்து அங்கே சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமலும் வீங்காமலும் தாங்கினால் முத்திரை. கருமருந்துக்கு உரியது என்று ‘பி.என்.’, பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் எழுத்து, ஒரு வரிசை எண். கடல் கடந்து ஒஹாயோவிலோ டென்னசியிலோ இதைச் செய்து முடிக்கப்போகிறவர், தான் சுடுவதுதான் இதன் முதல் வெடி என்று நினைத்துக்கொள்வார். இல்லை. அதற்கு முன்பே ஓர் அரசாங்க ஆள் சுட்டுவிட்டார்.

வாய்வழியே மருந்தும் குண்டும் இடிக்கும் துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே செத்துப்போன சரக்கு. தோட்டா வந்ததும் அதன் கதை முடிந்தது. அதை எழுப்பி உட்கார வைத்தவர்கள் வியாபாரிகள். டென்னசி மாநிலத்தின் யூனியன் சிட்டியில் டர்னர் கர்க்லாண்ட் என்பவர் 1954-இல் டிக்ஸி கன் வொர்க்ஸ் கடையைத் தொடங்கி, பழைய துப்பாக்கிகளின் உதிரிபாகங்களுக்குத் தலையணை மாதிரி ஒரு விலைப்பட்டியல் போட்டார். நியூஜெர்சியில் வால் ஃபோர்கெட் என்பவர் 1950களின் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்குப் பட்டறைகளுக்கே வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கோல்ட் ரிவால்வரைப் போலச் செய்து தரச் சொன்னார். அந்தப் போரின் நூற்றாண்டு 1961-இல் தொடங்குகிறது, பழைய சீருடை மாட்டிப் போரை நடித்துக் காட்டும் கூட்டத்துக்குத் துப்பாக்கி வேண்டியிருக்கும் என்ற கணக்கு. கணக்குப் பலித்தது. 1976-இல் நாட்டின் இருநூறாம் ஆண்டு வந்தபோது, கிட் விற்பதற்கென்றே கம்பெனிகள் இருந்தன.

இதில் ஒரு வேடிக்கை. ‘நம் முன்னோர் செய்தது போல நாமே செய்வோம்’ என்று அமெரிக்கர் வாங்கும் இந்தப் பெட்டி இத்தாலியிலிருந்து வருவதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அந்த முன்னோரும் அப்படித்தான் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டரில் பட்டறை வைத்த ஜெர்மானியக் கொல்லர்கள் மேப்பிள் கட்டையைத் தாங்களே செதுக்கினார்கள். ஆனால் சுத்தியலும் வில்லும் அடங்கிய லாக் பெரும்பாலும் கப்பலில் வந்த இங்கிலாந்துச் சரக்கு. கெட்லாண்ட் என்ற பர்மிங்ஹாம் குடும்பத்தின் பெயர் பொறித்த லாக்குகள் அந்தக்கால அமெரிக்கத் துப்பாக்கிகளில் இன்றும் கிடக்கின்றன. கொல்லர் வெளியூர்ச் சாமானை வரவழைத்துத் தன் மரத்தில் பொருத்தினார். சாப்பாட்டு மேசையில் கிட்டைப் பரப்பி வைத்திருக்கும் ஆளும் அதையேதான் செய்கிறார். கொல்லருடைய கைத்திறமை மட்டும்தான் இவரிடம் இல்லை.

சரி, பெட்டி எப்படித் தங்குதடையின்றி வீட்டுக்கு வருகிறது?

1963 மார்ச்சில் ஒருவன் பொய்ப்பெயரில் சிகாகோக் கடை ஒன்றுக்குக் கூப்பன் அனுப்பி, தூரநோக்கி மாட்டிய பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வரவழைத்தான். விலை 19 டாலர் 95 சென்ட், தபால் செலவு தனி. நவம்பரில் அதைக்கொண்டுதான் அதிபர் கென்னடி சுடப்பட்டார். தபாலில் துப்பாக்கி விற்பதை நிறுத்த அதற்குப் பிறகும் ஐந்தாண்டும் இரண்டு கொலைகளும், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும், தேவைப்பட்டன. 1968-இல் சட்டம் வந்தது. அதே சட்டம் ஒரு பக்கவாசலையும் திறந்து வைத்தது. 1898-க்குள் செய்தவை பழம்பொருள், தோட்டா போடாத அவற்றின் நகல்களும் பழம்பொருளே என்று சொல்லிவிட்டது. நம் இத்தாலிக்காரன் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறான். எல்லா மாநிலத்திலும் அல்ல. நியூஜெர்சி இதையும் கைத்துப்பாக்கியாகவே பார்த்து அனுமதிச்சீட்டு கேட்கும்.

லிங்கனை 1865 ஏப்ரல் 14 இரவு சுட்டது எது? பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த, ஒரே குண்டு போடும், வாய்வழி மருந்து இடிக்கும் சின்னக் கைத்துப்பாக்கி. ஓர் அதிபரைக் கொன்ற இத்தாலியத் துப்பாக்கியால் வந்த சட்டம், இன்னோர் அதிபரைக் கொன்ற ரகத்துக்கு ‘பழம்பொருள்’ என்று சான்றிதழ் கொடுத்தது. வயதைப் பார்த்து ஆபத்தை அளந்த சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரை அங்குல ஈயக்குண்டுக்குத் தன் வயது தெரியாது.

நம் ஊருக்கு இந்தப் பெட்டி வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்று சொல்லும்போதே அதன் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் போலீசார் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி மருந்து இடிப்பதுதான். வேலை செய்யும் விதத்தில் கென்டக்கி பிஸ்டலுக்கு உறவுக்காரன். ஒருவனுக்கு அங்கே பொழுதுபோக்கு, இன்னொருவனுக்கு இங்கே வழக்கு.

இனி மேசைக்கு வருவோம். கதையின் சுவாரசியமே அங்கேதான்.

முதல்முறை செய்கிறவர் தாளைப் படித்துவிட்டு, இது ஒரு நாள் வேலை என்று நினைப்பார். மரத்தில் பள்ளமெல்லாம் இயந்திரமே எடுத்திருக்கிறது, குழலை வைத்துத் திருகாணி முடுக்க வேண்டியதுதானே? வைத்தால் குழல் உட்காராது. எங்கோ ஒரு மயிரிழை முட்டும். எங்கே முட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அழுத்தி முடுக்கினால் கட்டை பிளக்கும், இப்போது இல்லாவிட்டாலும் முதல் வெடியில்.

இதற்குப் பழைய கொல்லர்களின் வழி கரி. குழலின் அடிப்பாகத்தை எண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிப் புகைக்கரி படியவிட வேண்டும். இப்போது எண்ணெயில் குழைத்த கறுப்பு மை குப்பியில் கிடைக்கிறது, மனைவியின் லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசுகிற மகராசர்களும் உண்டு. பூசிய குழலைப் பள்ளத்தில் வைத்து ஒரு தட்டு தட்டி எடுத்தால், முட்டுகிற இடத்தில் மட்டும் மரத்தில் கறை ஒட்டியிருக்கும். கறையை மட்டும் உளியால் சீவ வேண்டும். சீவுவதுகூட இல்லை, சுரண்டுவது. மறுபடி பூசு, வை, எடு, சுரண்டு. முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் தெரியும். போகப்போகப் புள்ளிகள் கூடும். வேலை கெட்டுப்போகிறதோ என்று புதியவர் பயப்படுவது இங்கேதான். உண்மையில் அதுதான் நல்ல சேதி, இரும்பு மரத்தைப் பல இடத்தில் தொட ஆரம்பித்துவிட்டது. பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுத்ததும் நிறுத்திவிடலாம். ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே மயிரிழை இடைவெளி விடுவார்கள், குழலின் பின்வாலுக்கு நுனியில். வெடிக்கும்போது குழல் பின்னால் உதைக்கும். வால்நுனி மரத்தில் முட்டி நின்றால் கைப்பிடி அங்கே கீறிவிடும்.

அவசரக்காரர் கறைக்கு வெளியிலும் சீவுவார். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கிட் பிஸ்டல்களில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே கோடு போட்டது போல இடுக்குத் தெரிந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்து அவசரம் என்று புரிந்துகொள்ளலாம்.

பித்தளைக்கு அரம், பிறகு உப்புத்தாள், 120-இல் தொடங்கி 400 வரை. அதில் பெரிய சூட்சுமம் இல்லை, கை வலிக்கும், அவ்வளவுதான். குழலில் இருக்கிறது. அரத்தை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்துக்கொண்டே வர வேண்டும். எட்டுப் பட்டைக்கும் ஓரங்கள் கத்தி போல நிற்க வேண்டும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும், பின்னால் ஒரு மரத்துண்டு வைத்துத் தேய்த்தால் நிற்கும். கட்டையை இழைத்து முடித்தபின் ஈரத்துணியால் துடைப்பார்கள். மரத்தின் நார் மயிர் போல எழுந்து நிற்கும். காய்ந்ததும் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஈரம். நார் எழ மறுக்கும்வரை இது நடக்கும். பிறகு சாயம், அதன்மேல் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து.

குழலுக்கு நிறம் கொடுப்பது துருவால். எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் கழுவி, விரல் படாமல் பிடித்து, உப்புக் கரைசல் பூசி, ஈரக்காற்றில் தொங்கவிட்டால் ஒரே சீராகத் துரு பூக்கும். அதைத் தேய்த்து, மறுபடி பூசி, இப்படிச் சில நாள் போனால் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு பழுப்பு வரும். அரிசோனாப் பாலைவனத்துக்காரர்கள் இதற்காகக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். சென்னைக் கடற்கரையோரம் குடியிருப்பவருக்கு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் பாடம் தேவைப்படாது.

கடைசியாக லாக். சுத்தியலைப் பாதி இழுத்தால் ‘கிளிக்’ என்று நிற்க வேண்டும், அந்த நிலையில் விசையை எவ்வளவு அழுத்தினாலும் விழக்கூடாது. முழுதும் இழுத்து அழுத்தினால் மட்டும் விழ வேண்டும். விழும் இடத்தில் ஒரு முலைக்காம்பு, அதன்மேல் மாட்டும் செப்புக் கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுவெடிக்கு மூத்த அண்ணன் என்று இதைச் சொல்லலாம். அடித்தால் வெடிக்கும் மருந்தால் துப்பாக்கியைப் பற்றவைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் இருந்த பாதிரியார், அலெக்சாண்டர் ஃபோர்சித். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் மேலே பளிச்சென்று தீ தெரியும், ஒரு கணம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அதற்குள் வாத்து பறந்துவிடும். அந்த எரிச்சலில் 1807-இல் காப்புரிமை வாங்கினார். பிரசங்கம் செய்ய வேண்டிய நேரத்தில் வாத்துக்குப் போனாரா என்பது வேறு விஷயம்.

லாக் மாட்டி, குழலை ஆப்பு வைத்து இறுக்கியபின் மேசைமேல் இருப்பது துப்பாக்கி. ஆனால் எந்த நிமிடத்தில் அது துப்பாக்கி ஆயிற்று? பல காலம் இது விளையாட்டுக் கேள்விதான். அதை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது வேறு ஒரு கிட்.

நெவாடாவில் பாலிமர்80 என்ற கம்பெனி, இன்றைய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பாகங்களை ‘வாங்கு, கட்டு, சுடு’ என்ற பெயரில் பெட்டியாக விற்றது. சட்டகம் முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருக்கும், முழுதாக முடியவில்லை என்பதால் அது துப்பாக்கி அல்ல என்பது வாதம். துப்பாக்கி அல்லாததற்கு வரிசை எண் வேண்டாம், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கவும் வேண்டாம். 2017-இல் மூலம் கண்டறியக் கேட்டுப் போலீஸ் அனுப்பிய வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கும் மேல். 2022-இல் அந்தப் பெட்டியும் துப்பாக்கியே என்று அரசு புது விதி போட்டது, வழக்கு நடந்தது, 2025 மார்ச் 26 அன்று 7-க்கு 2 என்று விதி நின்றது. தீர்ப்பு எழுதிய நீல் கோர்சச், முடிக்காத கையெழுத்துப் பிரதியையும் நாம் நாவல் என்றுதான் சொல்கிறோம், பிரித்துவைத்த ஐக்கியா மேசையையும் மேசை என்றுதான் சொல்கிறோம் என்று எழுதினார். அந்தப் பெட்டியை முன்பின் பார்க்காத ஒருவர் 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிக் காட்டினார் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது.

எனக்கு அந்த 21-தான் முழு வழக்கும். 21 நிமிடத்தில் முடிகிற ஒன்றைக் கைவேலையின் ருசிக்காக வாங்கினேன் என்று சொன்னால் நம்ப முடியாது. இரண்டு பெட்டியும் முடிக்காமல்தான் வருகின்றன. ஒன்றில் மிச்சம் வைத்திருப்பது உழைப்பு. மற்றதில் இல்லாமல் விட்டிருப்பது எண். சட்டம் கேட்காவிட்டாலும் இத்தாலிக்காரனின் குழலில் எண் இருக்கிறது, சோதனைச்சாலை முத்திரை இருக்கிறது, பிறந்த ஆண்டு இருக்கிறது.

முடிந்த பிஸ்டல் அடுத்துப் போவது சுடுதளத்துக்கு. இந்த ரகத்துக்காரர்களின் தலைமையிடம் இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற குட்டி ஊர். 1933-இல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் தளம் அங்கேதான். புதிதாகக் கட்டியதை எச்சரிக்கைக்காரர்கள் முதல்முறை கையில் பிடிப்பதில்லை. பழைய டயரில் கட்டிவைத்து, தள்ளி நின்று, விசையைக் கயிற்றால் இழுக்கிறார்கள். தாங்கியது தெரிந்தபிறகு முறைப்படி: அளந்த மருந்து, எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியில் பொதிந்த ஈயக்குண்டு, கோலால் இடி, கடைசியில்தான் கேப்பு. வெடி ‘பட்’ என்று கேட்காது, ‘தும்’ என்று வரும். வெள்ளைப் புகை முகத்துக்கு நேரே நிற்கும், குறி பட்டதா என்று பார்க்கப் புகை விலகக் காத்திருக்க வேண்டும்.

அந்தப் புகைக்கு ஒரு கிழக்கத்தியப் பூர்வீகம் உண்டு. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு அதை அள்ளிக்கொடுத்தது பீகார். பாட்னாவிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து லண்டன். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், டெலவேரில் 1802 முதல் மருந்து அரைத்துவந்த டூபோன் குடும்பத்து லாமோ டூபோன் ரகசியமாக இங்கிலாந்து போய் அங்கிருந்த இந்திய வெடியுப்பை வளைத்துப் போட்டார். பிரிட்டன் கொஞ்ச காலம் கப்பலைத் தடுத்துவைத்துப் பிறகு விட்டது. லிங்கனின் படை சுட்டதில் பீகார் மண்ணுக்கும் பங்கு.

சுட்டு முடித்த அன்றே வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால், எரிந்த மருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலைத் தின்னத் தொடங்கும். நாள்கணக்கில் ஆசையாக வளர்த்த துரு வெளியே, யாரும் கேட்காத துரு உள்ளே.

அப்புறம் அது சுவரில் தொங்கும், இல்லை இழுப்பறைக்குள் போகும். கட்டியவர் காலமானபின் வீட்டுச் சாமான் ஏலத்தில் வரும். பட்டறையில் முடித்ததைவிட கிட்டில் கட்டியதற்கு விலை குறைவு, கட்டாமலே விட்ட பெட்டி சிலநேரம் கட்டியதைவிட நல்ல விலைக்குப் போகும். விஷயம் தெரிந்தவர் வாங்க வந்தால் பித்தளையின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. ஆப்பைத் தட்டி எடுத்து, குழலைத் தூக்கி, கட்டையின் பள்ளத்தைத்தான் பார்க்கிறார். கரி எங்கே ஒட்டியது, உளி எங்கே நின்றது, எங்கே நிற்காமல் போனது என்பது அங்கே எழுதியிருக்கும். பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்குவார். வேலை நன்றாக இருந்தாலும் பிதுக்குவார், பத்து டாலராவது குறைக்க வேண்டாமா?